தவறு கையிலா, தட்டிலா?

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று ஒரு பழமொழி உண்டு. தன் குறையை மறைக்கப் பிறவற்றின் மேல் பழி போடுகிறவர்களைச் சுட்ட நம் வீட்டுப் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். பழமொழி பொய்யன்று. ஆனால் சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிடுவதும் உண்டு. அப்போதும் ஆடுகிறவளையே குறை கூறிக்கொண்டிருந்தால் கூடம் என்றைக்குத்தான் நேராகும்? இந்த ஆண்டு நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எங்களை இப்படிச் சிந்திக்க வைத்தது.

பெற்றோர் தினத்தன்று விருந்தினரை உபசரிக்கும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. பெரிய எவர்சில்வர் தட்டில் ஆறு டம்ளர் தேநீர், இரண்டு டம்ளர் தண்ணீர், நடுவில் வடையும் கேசரியும் வைத்த கிண்ணங்கள். இவற்றைச் சமையற்கட்டிலிருந்து மைதானத்துப் பந்தல்வரை ஏந்திச் செல்ல வேண்டும். பாதி வழியில் எங்களுள் ஒருத்தியின் தட்டு சாய்ந்தது. கொதிக்கும் தேநீர் அவள் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. உடனே குளிர்ந்த நீரில் கையைக் காட்டியும் கொப்புளம் கிளம்பிற்று. அது ஆறப் பத்து நாள் ஆயின.

ஆனால் அவள் அழுதது அந்தப் புண்ணுக்காக மட்டும் அன்று. “பார்த்துப் பிடிக்கக் கூடாதா? நாளைக்குப் போகிற வீட்டில் என்ன செய்வாய்?” என்று அருகிலிருந்தவர்கள் கேட்டார்கள். அன்பினால் கேட்டதுதான். என்றாலும் எல்லோரும் அவள் கையைத்தான் குறை சொன்னார்களே தவிர, அந்தத் தட்டை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தட்டின் மேலும் குற்றம் உண்டு என்பது எங்கள் கருத்து. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த இரு ஆராய்ச்சியாளர்கள், நடக்கும்போது காப்பி ஏன் சிந்துகிறது என்பதையே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். கோப்பையில் உள்ள திரவத்துக்கு இயல்பான ஓர் ஊசலாட்டம் உண்டு. சாதாரணக் கோப்பையில் அது நம் நடையின் தாளத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. சரியான நேரம் பார்த்துத் தள்ளத் தள்ள ஊஞ்சல் உயர்வதுபோல, ஒவ்வோர் அடிக்கும் அலை உயர்கிறது. ஏழாவது அடிக்கும் பத்தாவது அடிக்கும் இடையில் காப்பி விளிம்பைத் தாண்டிவிடுகிறதாம். எங்கள் சமையற்கட்டிலிருந்து பந்தலுக்கோ நூறு அடிக்கு மேல்! போதாக்குறைக்கு, ஏந்திப் பிடிக்கும் தட்டில் பாரம் கைக்கு மேலே நிற்கிறது. சற்றுச் சாய்ந்தாலும் மேலும் சாயத்தான் பார்க்கும், தானாக நிமிராது.

நிமிர்கிற தட்டு ஒன்று உண்டா? உண்டு. துருக்கி நாட்டுத் தேநீர்க் கடைகளில் வட்டத் தட்டை மூன்று கம்பிகளில் தொங்கவிட்டு, மேலே ஒரு வளையத்தில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடைவீதியில் விரைந்து நடப்பார்கள். பாரம் கைக்குக் கீழே தொங்குவதால் தட்டு தானே நேராகிறது. வீசி நடந்தாலும் தட்டு அந்த வீச்சோடு சேர்ந்தே சாய்வதால் தேநீர் தட்டின் பக்கமாகவே அழுந்தி நிற்கிறது. நீர் நிறைந்த வாளியைச் சுழற்றி விளையாடிய நமக்கு இது புதிதன்று. நம் பாட்டிமார் தயிர்ப் பானையை வைத்த உறியும் இதே தத்துவம்தான். நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் கிளாஸ்களை வளையங்களில் நிறுத்திக் கொண்டுபோகும் கம்பித் தூக்கும் அதன் தங்கைதான்.

எனவே அறிவியல் கண்காட்சிக்கு நாங்கள் ஓர் ‘உறித்தட்டு’ செய்தோம். 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு பலகைகள். மேற்பலகையில் டம்ளர் அளவுக்கு எட்டு வட்டத் துளைகளும், நடுவே கிண்ணங்களுக்கு ஒரு பெரிய துளையும் போட்டோம். டம்ளர்கள் துளை வழியே இறங்கிக் கீழ்ப்பலகையில் அமரும், ஒன்றோடொன்று மோதா. நான்கு மூலையிலும் கயிறு கட்டி வளையத்தில் சேர்த்தோம்.

முதல் முயற்சி நகைப்புக்கே இடமாயிற்று. கயிறு நீளமாகிவிட்டதால் எங்களுள் குள்ளமானவள் தூக்கியபோது தட்டு தரையில் உரசிற்று. கயிற்றைக் குறைத்தோம். பிறகு, ஒரே பக்கத்து டம்ளர்களை எடுத்துக் கொடுத்தால் தட்டு மறுபக்கம் சாய்வதைக் கண்டோம். ஆகவே எதிரெதிராக எடுக்க வேண்டும், கனமான பாத்திரம் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டோம். இவற்றை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. தூக்கிய கைதான் சொல்லிற்று. ஒரு கை ஓய்வாக இருப்பதால் கதவைத் திறக்கவும் தாவணியைச் சரிசெய்யவும் முடிகிறது என்பது கூடுதல் லாபம்.

“ஒரு தட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று சிலர் சிரிக்கலாம். மும்பையில் 1890 முதல் டப்பாவாலாக்கள் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். நீண்ட மரத்தட்டில் டப்பாக்களை அடுக்கித் தலையில் சுமக்கும் அவர்களை, அன்று இளவரசராக இருந்த சார்லஸ் 2003-ஆம் ஆண்டு நேரில் சந்தித்துப் பாராட்டினார். அவர்கள் உழைப்பு பாராட்டுக்குரியதே. ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நம் மாவட்டத்தில் ஒரு கையில் கஞ்சித் தூக்கு, இடுப்பில் தண்ணீர்க் குடம், மடியில் வெங்காயமும் மிளகாயுமாக வெயிலில் வரப்பு வழியே நடக்கும் தாய்மாரின் சுமையைப் பற்றி யார் சிந்தித்தார்கள்?

சிந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் புதுக்கோட்டையே சாட்சி. 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சித் தலைவர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். வயல் வேலை செய்வோர், கல் உடைப்போர், கிராமச் செவிலியர் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். தண்ணீர்க் குடமும் விளைபொருளும் தலையிலிருந்து சக்கரத்துக்கு இறங்கின. இதில் எங்களை வியக்க வைத்தது ஒன்று உண்டு. பலர் பெண்களுக்கான சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். ஏன்? அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம்! எது தனக்கு உதவும் என்பதைச் சுமக்கிறவளே நன்கு அறிவாள். அவளைக் கேளாமல் செய்த கருவி அவளுக்குப் பொருந்தாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் மூன்று. ஏதேனும் சிந்தினால், உடைந்தால், முதலில் கருவியைப் பாருங்கள். பிறகு கையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் சுமை தூக்குகிறவரிடம், எங்கே வலிக்கிறது, எது வழுக்குகிறது என்று ஒரு முறையாவது கேளுங்கள். பதில் கிடைத்தால் ஊர்த் தச்சரும் கொல்லரும் வழி செய்துவிடுவார்கள். மூன்றாவது, தட்டைத் திருத்தினால் மட்டும் போதாது. தூக்கும் கைகளும் கூட வேண்டும். விருந்தினர் வந்தால் தட்டை ஏந்துவது பெண் பிள்ளைக்கு மட்டும் உரிய வேலை என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. பெற்றோரே, எங்கள் அண்ணன் தம்பிமாரையும் சமையற்கட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

கண்காட்சி நாளன்று எங்கள் உறித்தட்டை முதலில் தூக்கியவள், அன்று மணிக்கட்டில் சுட்டுக்கொண்ட அதே தோழிதான். முதலில் அவள் கை சற்று நடுங்கிற்று. பந்தலைச் சென்றடைந்தபோது எட்டு டம்ளரும் நிறைந்தே இருந்தன. தவறு அவள் கையில் இல்லை என்பதை அன்று அவளே கண்டுகொண்டாள். எங்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவியர்