முதுமைக்கு உள்ள பணம்: பிட்காயினா, வீட்டு மனையா?

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களோடு வழக்கமாக ஒரு காய்ந்த இலையோ, பாலித்தீன் பையில் ஒரு புழுவோ சேர்ந்து வரும். இந்த முறை வந்த ஓர் உறைக்குள் நில எடுப்பு அவார்டு நகலின் ஜெராக்ஸும், ஒரு லேஅவுட் நோட்டீஸும் இருந்தன. பூச்சி, நோய், உரம் என்று பதில் எழுதிப் பழகியவன் நான். பணத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் சாலைக்கும் சிப்காட்டுக்கும் நிலம் கொடுத்துவிட்டு இதே கேள்வியோடு அலுவலகப் படியேறும் விவசாயிகள் பலர். அதனால் இந்த இதழை இந்த ஒரு கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எனக்கு 57 வயது. விழுப்புரம் மாவட்டம். மூன்று ஏக்கர் நிலத்தில் ஒரு ஏக்கர் நான்கு வழிச்சாலைக்குப் போய்விட்டது. இழப்பீடு 32 லட்சம் வங்கியில் வந்திருக்கிறது. நகைக்கடன் 2 லட்சம் உள்ளது. வேறு கடன் இல்லை. வீட்டுச் செலவு மாதம் 14,000 ரூபாய் ஆகிறது. முழங்கால் வலியால் முன்போல வயலில் இறங்க முடியவில்லை. இந்தப் பணத்தைத்தான் கடைசிக் காலத்துக்கு நம்பியிருக்கிறேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன், பிட்காயினில் போட்டால் ஐந்து வருடத்தில் பல மடங்காகும் என்கிறான். மைத்துனர், பைபாஸ் ஓரம் லேஅவுட்டில் 14 லட்சம் வீதம் இரண்டு மனை வாங்கிப் போடு, மண் என்றைக்கும் ஏமாற்றாது என்கிறார். எது சரி?

பதில்: அன்புள்ள அய்யா, உங்கள் வயதுதான் எனக்கும். ஒரு வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் 2003-க்கு முன் பணியில் சேர்ந்தவன். ஓய்வு பெற்றாலும் மாதாமாதம் ஓய்வூதியம் வரும். எனக்குப் பின் என் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பிரதமரின் விவசாயி ஓய்வூதியத் திட்டத்திலும் அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் 40 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே இந்த 32 லட்சம்தான் உங்கள் ஓய்வூதியம். அது விதைநெல் மாதிரி. எது வேகமாக வளரும் என்று கேட்பதற்கு முன், மாதாமாதம் கைக்கு என்ன வரும், திடீர் தேவை வந்தால் எத்தனை நாளில் பணம் கிடைக்கும், எனக்கு ஏதாவது ஆனால் வீட்டில் இருப்பவர்கள் அதை எடுக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மகன் சொன்னதையும் மைத்துனர் சொன்னதையும் இந்த மூன்றை வைத்தே பார்ப்போம்.

மகன் சொன்னது

மகன் பொய் சொல்லவில்லை. 2009-இல் தொடங்கிய பிட்காயின், 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. வாங்கி வைத்துக் காத்திருந்தவர்கள் பெரிய லாபம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் நடந்ததையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலர் விற்ற அதே பிட்காயின், ஒரே வருடத்தில் 16,000 டாலருக்கும் கீழே போனது. உச்சத்தில் 30 லட்சம் போட்டவருக்கு, டாலர் கணக்கில், அன்று ஏழு லட்சம்கூட மிஞ்சியிருக்காது. பழைய விலையை மறுபடி தொட 2024 மார்ச் வரை ஆனது. அந்த இரண்டே கால் வருடத்தில் உங்களுக்கு ஓர் அறுவை சிகிச்சை வந்திருந்தால், அடிமட்ட விலையில் விற்றிருப்பீர்கள். அறுவடை நேரத்தில் களத்தில் வைக்க இடமில்லாதவன் வியாபாரி சொன்ன விலைக்கு நெல்லைக் கொடுப்பதைப் போலத்தான்.

அடுத்தது வரி. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். வேறு வருமானம் குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொரு காயின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஒன்றில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நட்டம் என்றால் கையில் மிச்சம் ஒன்றுமில்லை, வரி மட்டும் 31,200 ரூபாய் கட்ட வேண்டும். விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தமும் உண்டு.

வங்கியில் போட்ட பணத்துக்கு, ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் இல்லை. 2024 ஜூலையில் நம் நாட்டின் பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒன்றிலிருந்து 23 கோடி டாலர் அளவுக்குத் திருடு போனது. பணம் போட்டிருந்தவர்கள் மாதக்கணக்கில் எடுக்க முடியாமல் தவித்தார்கள். ரகசியச் சொல் உங்கள் மகனிடம் மட்டும் இருந்து, அவர் மறந்துவிட்டால், எந்த மேலாளரிடம் போய்க் கேட்பீர்கள்?

இதோடு இன்னொன்று. கிரிப்டோ பெயரில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் 'தினம் 2 சதவீதம்' என்று ஆசை காட்டுபவர்கள் மோசடிக்காரர்கள். அவார்டு வாங்கியவர்களைத் தேடிப் பிடித்தே பேசுவார்கள். பணம் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

மைத்துனர் சொன்னது

மண் ஏமாற்றாது என்பது உண்மை. பத்திரம் ஏமாற்றும். என் கதையைச் சொல்கிறேன். 2012-இல் நண்பர்கள் வாங்குகிறார்கள் என்று நானும் ஒரு லேஅவுட்டில் மனை வாங்கினேன். பஞ்சாயத்து அப்ரூவல் என்றார்கள், நம்பினேன். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த தை மாதம் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மனையை விற்றுச் சமாளிக்கலாம் என்று போனால், பதிவே ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஜி.பி.எஃப். பணத்தை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டினேன். பின்னர் அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் செலுத்தி மனையைச் சரிசெய்தேன். வேளாண் பட்டம் படித்து, அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நானே இப்படி மாட்டினேன். எனக்கு ஜி.பி.எஃப். இருந்தது. உங்களுக்கு இந்த 32 லட்சம்தான் எல்லாமே.

இப்போது உங்கள் கணக்கு. இரண்டு மனை 28 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால் 2,52,000 ரூபாய். ஆக 30 லட்சத்து 52 ஆயிரம் போய்விடும். மிச்சம் ஒன்றரை லட்சத்தில் நகையைக்கூட மீட்க முடியாது. காலி மனை மாதம் ஒரு ரூபாய்கூடத் தராது. பத்தாயிரம் தேவைப்பட்டால் மனையின் ஒரு மூலையை வெட்டி விற்க முடியாது. வாங்க ஆள் கிடைக்கவே மாதங்கள் ஆகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களிடம் ஏற்கெனவே இரண்டு ஏக்கர் நிலமும் வீடும் இருக்கின்றன. உங்கள் சொத்து முழுவதும் மண்ணில்தான் இருக்கிறது. இந்தப் பணத்தையும் மண்ணிலேயே போடுவது, மொத்த வயலிலும் ஒரே ரகத்தை நட்டுவிட்டு நோய் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதைப் போன்றது.

கடிதத்தில் இல்லாத ஒருவர்

உங்கள் கடிதத்தில் மகன் இருக்கிறார், மைத்துனர் இருக்கிறார். உங்கள் மனைவி ஒரு வரியில்கூட இல்லை. அடகில் இருப்பது அநேகமாக அவருடைய நகையாகத்தான் இருக்கும். நம் ஊர்களில் கணவருக்குப் பின் பத்துப் பதினைந்து வருடம் தனியாக வாழும் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். உரமானியத்துக்குக் கையெழுத்துப் போட வரும்போதுதான், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது என்பது தெரிகிறது. ஆகவே எதை முடிவு செய்வதானாலும் அந்த அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். எல்லாக் கணக்கும் இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்கட்டும். நாமினியையும் குறிப்பிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

1. முதலில் 2 லட்சம் கட்டி நகையை மீட்பேன். கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு வேறெங்கோ வட்டி தேடுவது ஓட்டைப் பானையில் நீர் இறைப்பது.

2. தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் மனைவியோடு கூட்டுக் கணக்காக 15 லட்சம் போடுவேன். கூட்டுக் கணக்குக்கு அதுதான் உச்சவரம்பு. 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250 ரூபாய் வரும். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும். நீங்கள் சேரும்போது உள்ள வட்டி ஐந்து வருடமும் மாறாது. சேரும் நாளில் விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. மருத்துவத்துக்கு 5 லட்சம். இதை ஒரே வைப்புத்தொகையாகப் போடாமல், ஒரு லட்சம் வீதம் ஐந்து ரசீதாக, இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுவேன். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற நான்கின் வட்டி கெடாது.

4. இருக்கும் இரண்டு ஏக்கருக்கு 2 லட்சம். மோட்டார், குழாய் வேலைகளைச் சரிசெய்துகொண்டு, சிறு குறு விவசாயி சான்று வாங்கி நுண்ணீர்ப் பாசனத்துக்கு விண்ணப்பியுங்கள். சிறு குறு விவசாயிகளுக்கு நம் மாநிலத்தில் 100 சதவீத மானியம் உண்டு. ஒரு ஏக்கரில் சவுக்கு வையுங்கள். முதல் வருடம் கழிந்தால் ஆள் வேலை குறைவு, மூன்று நான்கு வருடத்தில் வெட்டலாம். உங்கள் முழங்காலுக்கும் அது ஏற்றது. இன்னொரு ஏக்கர் சாப்பாட்டு நெல்லுக்கும் மணிலாவுக்கும் இருக்கட்டும்.

5. மிச்சம் 8 லட்சம். இதை ஒரு வருடம் வங்கி வைப்பில் போட்டுவிட்டு, எந்த முடிவும் எடுக்க மாட்டேன். கையில் பெரும்பணம் வந்த முதல் வருடம் எடுக்கும் முடிவுகள்தான் பலரைக் கெடுத்திருக்கின்றன.

ஒரு வருடம் கழித்தும் மனை ஆசை இருந்தால், அந்த 8 லட்சத்துக்குள் ஒரே மனை, மனைவி பெயரில் வாங்குங்கள். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. முன்பணம் கொடுப்பதற்கு முன் 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம், டி.டி.சி.பி. அங்கீகார எண் ஆகியவற்றைப் பாருங்கள். லேஅவுட்டின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா பதிவு எண்ணையும் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய நோட்டீஸில் நீச்சல் குளப் படம் இருக்கிறது, இந்த எண்கள் இரண்டும் இல்லை. அதையே மைத்துனரிடம் காட்டிக் கேளுங்கள்.

மனை வேண்டாம் என்றால், 60 வயது முடிந்ததும் அந்த 8 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். இப்போதைய 8.2 சதவீதம் அப்போதும் இருந்தால் மூன்று மாதத்துக்கு 16,400 ரூபாய் வரும். 62-இல் தபால் அலுவலகத்து 15 லட்சம் முதிர்ந்ததும் அதையும் அங்கே மாற்றலாம். அந்தத் திட்டத்தில் 30 லட்சம் வரை இடம் உண்டு.

பத்து வருடம் கழித்து இந்த வட்டி இன்றைய அளவுக்குச் சாமான் வாங்காது. அதையும் மறைக்கவில்லை. விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதற்கு உங்களிடம் நிலமும் சவுக்கும் இருக்கின்றன. அதனால்தான் பணத்தை வேறு இடத்தில் வைக்கச் சொல்கிறேன்.

மகனின் மனமும் நோகக் கூடாது. பிட்காயினில் நம்பிக்கை இருந்தால் அவர் தன் சம்பளத்தில் சிறிது சிறிதாக வாங்கட்டும். விலை விழுந்தாலும் காத்திருக்க அவருக்கு முப்பது வருடம் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை. உங்கள் பணத்திலும் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு போக மணிலா நட்டமானால் தாங்குவீர்களே, அந்த அளவுக்கு மேல் போடாதீர்கள்.

கடைசியாக, 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி வந்த இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. அந்தப் பணத்தைப் போட்டு வாங்கும் வட்டிக்கு உண்டு. அவார்டு நகலைப் பத்திரமாக வைத்து, ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நகையை மீட்டதும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் வழக்கம்போல வயலுக்குத் திரும்பலாம். மணிலாவில் டிக்கா இலைப்புள்ளி பற்றி நான்கு பேர் இலையோடு கேட்டிருக்கிறார்கள்.