உடல் எடையும் தோட்டத்துப் பேரும்

உடல் பருமனைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறப்பிடம் ஆகியவற்றையே குறிப்பிடுகிறது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது 12(1). ஆயினும் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகவே செல்லும். இரத்தினபுரி, கேகாலைப் பெருந்தோட்டங்களோ 1992 முதல் பெரும்பாலும் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. தொழிலாளிக்கு எஞ்சுவது தொழிற்சட்டம்தான். 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்னனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். நல்ல அரண். ஆனால் தோட்டத்தில் பாகுபாடு காட்ட வேலைநீக்கமே தேவையில்லை. பருமனான பெண்ணைச் செங்குத்தான மலைக்கு அனுப்பி, நிறுவையில் கொழுந்து குறைந்தது என்று அரைப்பேர், அதாவது அரைநாள் வேலைக் கணக்கு, போட்டால் போதும். கூலி குறையும், காரணம் செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் ஏறாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976லேயே உயரத்தையும் எடையையும் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சேர்த்தது. நியூயோர்க் நகரம் 2023இல் சேர்த்தது. இரண்டும் வேலைநீக்கத்தோடு சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் உள்ளடக்குகின்றன. இலங்கையில் அத்தகைய சட்டம் எழுதப்பட்டால், மலை ஒதுக்குவதும் பேர் போடுவதும் அதற்குள் வந்தே ஆக வேண்டும்.