ட்வீட்டரைக் காக்கும் மஞ்சள் வில்லை

தீபாவளி நெருங்க நெருங்க, விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசி போகும் சாலையில் வெளியூர் கார்கள் கூடிவிடும். எல்லாம் பட்டாசு வாங்க வருகிற குடும்பங்கள். அப்பா வண்டி ஓட்டுவார். பின் சீட்டில் பிள்ளைகள், “இன்னும் சத்தமா வைங்கப்பா!” என்பார்கள். குத்துப்பாட்டு உச்சத்தில் ஓடும். திடீரென்று பாட்டின் பளபளப்பு போய்விடும். தவிலும் பேஸும் கேட்கும். ஜால்ராவும் சலங்கையும் கேட்காது. போர்வைக்குள் இருந்து யாரோ பாடுவதுபோல் இருக்கும்.

“ட்வீட்டர் போச்சு, புதுசு போடணும்” என்று யாராவது சொன்னால், பர்ஸை எடுக்க அவசரம் வேண்டாம். சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்தால் ஜால்ரா திரும்பி வந்துவிடலாம். அப்படி வந்தால், ட்வீட்டர் சாகவில்லை. அதை ஒரு சின்ன வில்லை காப்பாற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

பிரித்துக் கொடுக்கும் பெட்டி

காரின் பெரிய ஸ்பீக்கர் கனமான ஒலிகளுக்கு. பட்டன் அளவே இருக்கும் ட்வீட்டர் கீச்சு ஒலிகளுக்கு. எது யாருக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் கிராஸ்ஓவர். அதற்குள் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். அது தாழ்ந்த ஒலிகளைப் பெரிய ஸ்பீக்கருக்கு விடும். கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். அது உயர்ந்த ஒலிகளை மட்டும் ட்வீட்டருக்கு விடும். 4 ஓம் ட்வீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால், சுமார் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை குறைந்துகொண்டே போகும். தவில் அடி ட்வீட்டரைத் தாக்காமல் தடுப்பது இதுதான். முதல் காவல்காரன் கெப்பாசிட்டரே.

அப்புறம் ஏன் ட்வீட்டர் எரிகிறது?

வெட்டுப்படும் அலை

கார் ஸ்டீரியோவின் அட்டைப்பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று போட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வண்டி ஓடும்போது பேட்டரியில் கிடைப்பது 14.4 வோல்ட் அளவுதான். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் சுத்தமான ஒலியாகத் தரக்கூடியது, கணக்குப்படியே 26 வாட். நடைமுறையில் அதற்கும் குறைவு. சத்தத்தை அதற்கு மேல் ஏற்றினால், வளைந்து ஏறி இறங்க வேண்டிய ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். முழுக்கத் தட்டையானால் அதே 14.4 வோல்ட்டில் 52 வாட் வரும். பெட்டியில் இருக்கும் 50 பிறந்த கதை இதுதான்.

வெட்டுப்பட்ட அலையில் பாட்டில் இல்லாத புதுக் கீச்சு ஒலிகள் ஏராளமாக உருவாகும். கெப்பாசிட்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. உயர்ந்த ஒலி என்றால் உள்ளே விட்டுவிடும். அத்தனையும் ட்வீட்டரின் தலையில் விழும். அதன் சுருள் தலைமுடிபோல் மெல்லிய கம்பி. சில வாட்டுகளைத்தான் தாங்கும். சூடேறி, மேல்பூச்சு உருகி, அறுந்துபோகும். பெரிய ஆம்ப் போட்டதால் மட்டும் ட்வீட்டர் எரிவதில்லை. சின்ன ஆம்பைக் கசக்கிப் பிழிவதாலும் எரியும்.

தானே மூடித் தானே திறக்கும் கதவு

இங்கேதான் இரண்டாவது காவல்காரன் வருகிறான். ட்வீட்டருக்குப் போகும் வழியில், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், இரண்டு கால்களோடு ஒரு வில்லை இருக்கும். பாலிஸ்விட்ச் என்பார்கள். உள்ளே இருப்பது கரித்தூள் கலந்த பிளாஸ்டிக். கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வரை மின்சாரம் தடையில்லாமல் போகும். அளவுக்கு மீறிப் பாய்ந்தால் வில்லை சூடாகும், பிளாஸ்டிக் உப்பும், துகள்கள் விலகும், தடை பல மடங்கு எகிறும். ட்வீட்டர் அடங்கிவிடும். சத்தத்தைக் குறைத்து ஆறவிட்டால் பிளாஸ்டிக் சுருங்கிப் பழையபடி வழிவிடும். குறைக்காமல் விட்டால், கசியும் சின்ன மின்சாரமே அதைச் சூடாக வைத்திருக்கும். அதனால்தான் பொறுமை தேவை.

சில கிராஸ்ஓவர்களில் வில்லைக்குப் பதில் ஒரு குட்டி பல்பு இருக்கும். பல்பின் இழை ஆறியிருக்கும்போது தடை குறைவு. ஒளிரும்போது ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிவிடும். பாட்டு அத்துமீறும்போது பல்பு எரிந்து, உபரிச் சக்தியைத் தானே வெளிச்சமாகவும் சூடாகவும் தின்றுவிடும்.

ஆறவிட்டும் ஒலி வரவில்லையா? ட்வீட்டர் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். 4 ஓம் ட்வீட்டர் 3-லிருந்து 4 ஓமுக்குள் காட்டினால் சுருள் நலம். கோளாறு வேறெங்கோ இருக்கிறது. முள் அசையவே இல்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

அடிக்கடி ஒலி அடங்குகிறது என்பதற்காக அந்த வில்லையை எடுத்துவிட்டு ஒயரை நேராக இணைக்கச் சொல்பவர்கள் உண்டு. அப்போதைக்குப் பாட்டு கணீரென்று கேட்கும். அடுத்த முறை அடங்கும்போது திரும்பி வராது.

டிக்கியில் என்ன இருக்கிறது?

தனி ஆம்ப்ளிஃபையர் வைத்த கார்களில் அது பெரும்பாலும் டிக்கியில் இருக்கும். சிவகாசியில் வாங்கிய பட்டாசுப் பெட்டிகள் போவதும் அதே டிக்கிக்குத்தான். ஆம்புக்கான ஒயர் பேட்டரியிலிருந்து தரைவிரிப்புக்கு அடியில் ஓடி வருகிறது. எங்காவது உரசித் தோல் கிழிந்து, வண்டியின் தகட்டில் பட்டால் அந்த ஒயர் கணத்தில் பழுத்துவிடும். அதைத் தடுப்பது பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டிய ஃபியூஸ் மட்டுமே. டிக்கியில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைக் காக்கும். வழியில் இருக்கும் ஒயரைக் காக்காது.

திருத்தங்கல், சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பதும், உடம்பின் நிலைமின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போவதும் ஒரு பொறியைக்கூட அனுமதிக்கக்கூடாது என்பதற்காகத்தான். அப்படிச் செய்த சரக்கைச் சூடான ஆம்ப் மீது அடுக்கிக்கொண்டு வரலாமா? பெட்டிகளை ஏற்றுமுன் ஆம்பின் இணைப்பைக் கழற்றிவிடுவது நல்லது.

வில்லை இல்லாத காது

காதுக்குள்ளும் ஒரு காப்பு உண்டு. பேரொலி கேட்டால், நடுக்காதின் குட்டித் தசை இறுகி, ஒலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பாலிஸ்விட்ச் போலவே அதுவும் சற்றுத் தாமதமாகத்தான் விழிக்கும். வெடிச்சத்தம் அதற்குள் உள்ளே போய்விடும். நீண்ட நேரப் பேரிரைச்சலில் தசையும் களைத்துவிடும். உள்காதின் உணர்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகக் குறையும். ஓடும் காரில் பின் சீட்டுப் பிள்ளையோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும். முடியவில்லை என்றால், வில்லை சூடாகும்வரை காத்திருக்க வேண்டாம். குமிழை இடப்பக்கம் திருப்பிவிடலாம்.