வினாவுக்கு முன் ஒரு வறுமைப் படம்

பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி ஐ.டி.வி. தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தோன்றிய ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ என்னும் வினா-விடைப் போட்டியை, அடுத்த சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் விலை கொடுத்து வாங்கித் தத்தம் பாஷையில் நடத்தத் தொடங்கின. டேவிட் பிரிக்ஸ், மைக் ஒயிட்ஹில், ஸ்டீவன் நைட் ஆகிய மூவரும் சிந்தித்து, ‘பண மலை’ என்று பொருள்படும்படி முதலில் பெயரிட்டு வைத்திருந்த அந்த யோசனையை, செலடார் என்னும் தயாரிப்பு நிறுவனம் ஆலயத்திற்கு ஆகமம் வகுப்பதுபோல் விதிகளாக வகுத்து, நாற்காலிகள் எங்கே இருக்கவேண்டும், விளக்குகள் எப்பொழுது மங்கவேண்டும், கீத் ஸ்ட்ராக்கனும் அவர் குமாரர் மாத்யூவும் அமைத்த இசை எந்த இடத்தில் நெஞ்சைப் பிடிக்கவேண்டும் என்பனவற்றையெல்லாம் சேர்த்தே விற்றது. அந்த வியாபாரத்தின் அளவை அறிய விரும்புவோருக்கு ஒரு தகவல் போதும்: லாபத்தில் தங்களுக்குரிய பங்கைத் தரவில்லை என்று டிஸ்னி நிறுவனத்தின்மேல் செலடார் தொடுத்த வழக்கில், 2010-ஆம் ஆண்டு கலிபோர்னிய ஜூரிகள் தீர்த்துக் கொடுத்த தொகை ஏறத்தாழ 26 கோடியே 90 லட்சம் டாலர்.

இத்தனை கண்டிப்புடன் ஏற்றுமதியான ஒரு சரக்கு, எங்கே சென்று இறங்கினாலும் ஒரே முகத்தோடு இருக்கவேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால், சப்தத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு மனிதர்களை மட்டும் கவனித்தால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நடத்துனருக்கு யாராக இருக்கிறார், விருந்தாளியா, எதிராளியா, யாசகரா என்னும் விஷயத்தில் தேசத்துக்குத் தேசம் பெரும் பேதம் இருப்பது புலப்படும். நம் நாட்டில் அந்த உறவு செல்ல வேண்டாத திசையில் சென்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் வினாக்களைப் பார்ப்போம். பதினைந்து படிகளில் உச்சிப் படியில் ஒரு சமூகம் எதை வைக்கிறது என்பது சுவாரசியமான ஆராய்ச்சி. பிரிட்டனில் முதன்முதலாகப் பத்து லட்சம் பவுண்டு வென்ற ஜூடித் கெப்பல் அம்மையாரை 2000-ஆம் ஆண்டு நவம்பரில் கேட்டது, அக்விடேன் நாட்டு எலினோர் அரசியை மணந்த மன்னர் யார் என்பது. இரண்டாம் ஹென்றி என்றார் அவர். ராஜவம்ச சரித்திரத்தையே கல்வியின் சிகரமாகக் கருதும் ஒரு தேசத்துக்கு இது எவ்வளவு பொருத்தம்! அதற்கு ஓராண்டு முன்னர் அமெரிக்காவில் ஜான் கார்ப்பென்டர் என்பவர் எதிர்கொண்ட கடைசி வினாவோ, ‘லாஃப்-இன்’ என்னும் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் தோன்றிய ஜனாதிபதி யார் என்பது. அவர் தம் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து, உதவி எதுவும் வேண்டாம், நான் வெல்லப் போகிறேன் என்று தெரிவிக்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, நிக்ஸன் என்று விடை கூறினார். அந்த மனிதருடைய உத்தியோகம் வருமான வரி இலாகாவில் என்பதையும், அமெரிக்காவில் இத்தகைய பரிசுக்கு வரி உண்டு என்பதையும் சேர்த்து நினைத்தால் விதியின் நகைச்சுவையும் நமக்கு விளங்கும்.

ஜெர்மனியில் முதலில் பத்து லட்சம் மார்க் வென்றவர் எக்கார்ட் ஃப்ரைஸே என்னும் சரித்திரப் பேராசிரியர். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி அவரைக் கேட்டது, எவரெஸ்ட் சிகரத்தில் ஹில்லாரியுடன் முதன்முதலாக நின்றவர் யார் என்பது. டென்சிங் நோர்கே என்னும் பெயரை நம் ஊர் ஆரம்பப் பாடசாலைச் சிறுவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். நம் போட்டியில் அது சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் பெறுமா என்பது சந்தேகமே. அங்கே அது பத்து லட்சம் பெற்றது. நம் தேசத்திலோ, 2000-ஆம் ஆண்டு இப்போட்டியின் இந்திய வடிவமான ‘கௌன் பனேகா கரோர்பதி’யில் முதன்முதலாக ஒரு கோடி வென்ற ஹர்ஷவர்தன் நவாத்தே சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்த இளைஞர். கடைசியில் அவர் சந்தித்தது அரசியல் நிர்ணயச் சட்டம் பற்றிய ஒரு வினா. பார்லிமெண்டின் நடவடிக்கைகளில் கலந்துகொள்ளும் உரிமை பெற்றவர் அட்டர்னி ஜெனரல் என்பது அதற்குரிய விடை. விளையாட்டைக்கூடப் பரீட்சையாக ஆக்கிக் கொண்டால்தான் நமக்குத் திருப்தி என்று இதைச் சிலர் பரிகசிக்கலாம். நான் பரிகசிக்க மாட்டேன். படித்தவன் படித்ததற்காகவே பரிசு பெறும் காட்சி, சிபாரிசுக் கடிதங்களின் தேசத்தில் ஒரு கௌரவமான காட்சி.

நடத்துனர்களின் விஷயம் இன்னும் நுட்பமானது. பிரிட்டனின் கிறிஸ் டாரன்ட், கையெழுத்திட்ட காசோலையைப் போட்டியாளர் கண்முன் நீட்டி, இதை உங்களுக்குத் தர எங்களுக்கு விருப்பமில்லை என்று சொல்லித் திரும்பப் பறித்துக் கொள்வார். சந்தையில் பேரம் பேசும் இருவரிடையே உள்ள சமத்துவம் அதில் இருந்தது. ஜப்பானில் மினோ மோன்டா, இறுதி விடைதானா என்று கேட்டுவிட்டு எதிரே இருப்பவரை இமைக்காமல் நோக்குவார். அந்த மௌனம் நீண்டு நீண்டு, பார்ப்பவருக்கே வியர்த்துவிடும். ஜெர்மனியின் குந்தர் யாவ்க் 1999-ஆம் ஆண்டு முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாக அதே நாற்காலியில் அமர்ந்திருப்பவர். பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்தவராதலால், எதிரே அமர்ந்தவரின் தொழிலைப் பற்றியும் விசித்திரப் பழக்கங்களைப் பற்றியும் நிதானமாகப் பேச்சுக் கொடுத்து, சரியான விடையில் சந்தேகத்தை எழுப்பி, தவறான விடைக்குத் தலையாட்டி, ஒரு நல்ல சதுரங்க எதிரியைப்போல் நடந்துகொள்வார். அந்நாட்டில் 2007 முதல் ஒரு புது ஏற்பாடும் உண்டு: விடை காண உதவும் ‘லைஃப்லைன்’ நான்காவதாக ஒன்று வேண்டுமென்போர், பணம் கைநழுவாதென்ற உறுதியுள்ள படிகளில் ஒன்றை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். ஆபத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் போட்டியாளருக்கு வழங்கும் அந்த ஏற்பாட்டில், அவரை வயதுவந்த மனிதராக மதிக்கும் மனோபாவம் தெரிகிறது.

நமது அமிதாப் பச்சனைப் பற்றி நான் குறைகூற வரவில்லை. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் அவர் அந்த ஆசனத்தில் அமர்ந்தபோது, தம்முடைய நிறுவனத்தின் கடன் சுமையோடும் ஓய்ந்து வந்த சினிமா வாழ்க்கையோடும் வந்தவர். அந்த நிகழ்ச்சி அவரை மீண்டும் சிகரத்தில் ஏற்றியது. அவருடைய ஹிந்தி கண்ணியமான ஹிந்தி. உபசாரம் உண்மையான உபசாரம். 2007-இல் ஷாருக் கான் தோழமையோடு தோளில் கைபோட்டு நடத்திய பருவம் அத்தனை எடுபடாமல், 2010-இல் பச்சனையே மீண்டும் அழைக்க வேண்டியிருந்ததென்றால், ஜனங்கள் அந்த ஆசனத்தில் தோழனை விரும்பவில்லை, ஒரு பெரியவரை விரும்பினார்கள் என்றே கொள்ளவேண்டும். பெரியவர் இருக்குமிடத்தில் எதிரே அமர்பவர் சிறியவராகிறார். அந்தச் சிறியவர் தம் துயரத்தைச் சொல்ல, கூட்டம் முழுவதும் கனத்த மனத்தோடு பார்த்திருக்க, பெரியவர் கண்ணீர் துடைக்கக் காகிதம் எடுத்துக் கொடுக்கிறார்.

பார்வையாளரின் உதவியைக் கோரும் ஏற்பாடும் ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு விதமாகப் பலிக்கிறது. அமெரிக்க நிகழ்ச்சியில் போட்டியாளர் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட நண்பர் நூற்றுக்கு 65 தடவை சரியாகச் சொன்னபோது, அரங்கிலிருந்த சாமானிய ஜனங்கள் 91 தடவை சரியாகச் சொன்னார்கள் என்று ஜேம்ஸ் சுரோவீக்கி 2004-இல் வெளியான தம் நூலில் எடுத்துக் காட்டினார். பிரான்சிலோ, பூமியைச் சுற்றி வருவது எது என்று ஒருவர் கேட்கப்பட்டு, அவர் சபையை நாட, 56 சதவீதத்தினர் சூரியன் என்று பதிலளித்தார்கள். பாவம், அவரும் அதையே நம்பினார். கோபர்நிகஸைப் பிரெஞ்சுக்காரர்கள் மறந்துவிட்டார்கள் என்று கொள்வதைவிட, இதுகூடத் தெரியாதவர் மேற்கொண்டு போகவேண்டாம் என்று சபையில் பலர் தீர்மானித்துவிட்டார்கள் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ரஷ்யாவில் பார்வையாளர்கள் வேண்டுமென்றே தவறான விடையைத் தந்து போட்டியாளரைக் கவிழ்ப்பதுண்டு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்நியன் ஒருவன் நம் கண்ணெதிரே திடீரெனச் செல்வந்தனாவதை ஒரு ஜனசமூகம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறது என்பதும் அந்தச் சில விநாடிகளில் அளக்கப்படுகிறது.

பரிசுத் தொகையின் எடையும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஆண்டுக்கு இருபதினாயிரம் பவுண்டு சம்பாதிக்கும் ஓர் ஆங்கிலேயருக்குப் பத்து லட்சம் பவுண்டு என்பது ஐம்பது ஆண்டுச் சம்பளம், அதாவது ஓர் உத்தியோக ஆயுள். அங்கே அதற்கு வரியும் இல்லை. 2011-இல் இந்திய நிகழ்ச்சியில் ஐந்து கோடி ரூபாய் வென்ற பீகார் மாநில மோதிஹாரி இளைஞரோ, கிராம வேலை உறுதித் திட்டத்தில் கம்ப்யூட்டர் இயக்குபவராக மாதம் ஆறாயிரம் ரூபாய் பெற்றுவந்தவர். அந்தக் கணக்கில் ஐந்து கோடி ஏறக்குறைய 694 ஆண்டுச் சம்பளம். வரி போகச் சுமார் மூன்றரைக் கோடி என்றாலும் ஒரு வம்சத்தின் சரித்திரத்தையே அடக்கிய தொகை அது. இத்தனை பெரிய பள்ளம் இருக்கும் இடத்தில், விளையாட்டு விளையாட்டாக நிற்காமல் வரப்பிரசாதமாக மாறிவிடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மாறியதன் அடையாளம்தான் போட்டியாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே திரையில் ஓடும் அந்தச் சிறு படம்: ஒழுகும் கூரை, தகப்பனாரின் நோய், அடகுபோன நகை, பின்னணியில் விம்மும் வயலின். இது உள்ளூர்த் தயாரிப்பாளர்களின் சேர்க்கை; காலப்போக்கில் நிகழ்ச்சியின் இருதயமாகவே ஆகிவிட்டது. வறுமையைக் காட்டுவது பாவமென்று நான் சொல்லவில்லை. வினாவுக்கு முன்னால் அதைக் காட்டும்போது, இவர் ஏன் வெல்ல வேண்டும் என்பதற்கு அறிவைத் தவிர வேறொரு நியாயத்தைப் பார்வையாளர் மனத்தில் ஊன்றிவிடுகிறோம்; அவர் வென்றால் இரக்கத்துக்குக் கிடைத்த வெற்றி, தோற்றால் இரக்கமற்ற விதியின் வேலை. இடையில் அவர் எத்தனை நூல்களைப் படித்தார் என்பது காணாமற் போகிறது.

இதே மனோபாவத்தின் மறுபக்கத்தை 2008-இல் வெளிவந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ என்னும் திரைப்படத்தில் காணலாம். சேரியில் வளர்ந்த பையன் இத்தனை விடை அறிந்திருக்க நியாயமில்லை என்று போலீஸார் அவனை அடித்து விசாரிப்பதும், அவன் வாழ்க்கையில் பட்ட ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு விடையாக அமைந்திருந்ததை அவன் விளக்குவதுமே கதை. படிப்பு அங்கேயும் இல்லை. அந்தப் படத்தைத் தயாரித்ததில் செலடாரின் சினிமாக் கிளைக்கும் பங்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்நிகழ்ச்சியின் வரலாற்றில் மோசடிக்காக 2003-இல் லண்டன் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவர் சேரிச் சிறுவர் எவரும் அல்லர். இருமல் சப்தத்தைக் குறிப்பாகக்கொண்டு விடை தேர்ந்ததாகத் தீர்ப்பான பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஒருவர்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’, 2012-இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா தொடங்கி, பின்னர் பிரகாஷ்ராஜும் அரவிந்த்சாமியும் தொடர்ந்த ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’, 2019-இல் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கு மட்டுமென ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’ என்று நாமும் இந்தச் சரக்கைப் பலமுறை இறக்கியிருக்கிறோம். மூன்றிலும் நடத்துனர் சினிமா நட்சத்திரமே. நட்சத்திரத்தின் எதிரே அமரும் சாமானியர் முதலில் ரசிகராகவும், அப்புறமே போட்டியாளராகவும் இருப்பார் என்பது யோசித்தால் தெரியும். பேராசிரியரோ, பத்திரிகாசிரியரோ, நூலகரோ அந்த ஆசனத்துக்குத் தகுந்தவராக நமக்கு ஏனோ தோன்றவில்லை. ஆயினும் 2020 ஜனவரியில் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மதுரைப் பெண்மணி ஒருவர், கோர்ட்டில் உத்தியோகம் பார்ப்பவர், ‘கோடீஸ்வரி’யில் ஒரு கோடியை வென்றார். மறுநாள் வந்த செய்திகளில் அவருடைய குறை தலைப்பாயிற்று. எந்த வினாவுக்கு என்ன விடை சொன்னார் என்று தேடினால் கடைசிப் பத்தியில்கூட எளிதில் கிடைக்கவில்லை.

ஆகவே, அடுத்து இந்த உரிமத்தை வாங்கும் தொலைக்காட்சியார்க்கு ஒரு யோசனை: அந்தச் சோகப் படத்தை வேண்டுமானால் பரிசளிப்புக்குப் பின்னர் வைத்துக்கொள்ளுங்கள், அதில் மிச்சமாகும் மூன்று நிமிஷத்தை விடைக்குக் கொடுங்கள். மோதிஹாரி இளைஞர் ஐந்து கோடிக்குச் சொன்ன விடை, 1868-இல் நிகோபார்த் தீவுகளின் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன தேசம் டென்மார்க் என்பது. டேனியர் நம் தரங்கம்பாடியில் 1620-லேயே கோட்டை கட்டினார்கள். நிகோபாரை இங்கிருந்துதான் நிர்வாகம் செய்தார்கள். 1845-இல் தரங்கம்பாடியையும் விற்றார்கள். கடற்கரையில் இன்றும் நிற்கும் அந்தக் கோட்டையைக் காட்டி இவ்வளவையும் சொல்ல மூன்று நிமிஷம் தாராளமாகப் போதும்.