வடிகட்டி விலைக்குக் கிடைக்குமா?



டீக்கடைக்காரர் கையில் இருக்கிற வடிகட்டியைப் பார்த்திருப்பீர்கள். தூள் மேலே நிற்கும், டீ கீழே இறங்கும். எது தூள், எது டீ என்று அவருக்குத் தெரியும். நம்ம புராஜெக்ட்டில் போடுகிற டிஜிட்டல் ஃபில்டரில் எது தூள், எது டீ என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோபப்படாதீர்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

பைக் கீழே விழுந்தால் அலாரம் அடிக்கிற கருவி, இதுதான் எங்க பேட்ச் புராஜெக்ட். நாலு பேரும் முதலில் போனது ஒரு புராஜெக்ட் சென்டருக்குத்தான். விலை ஆறாயிரம், முன்பணம் ஆயிரம். "கால்மன் ஃபில்டர் போட்டுத் தர்றோம்" என்றார் அங்கிருந்தவர். "அது என்னண்ணே செய்யும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு தம்பி, வைவாவுக்குக் கேள்வி பதில் எழுதித் தந்துடுவோம்" என்றார். கால்மன் 1960-ல் வெளியிட்ட முறை, நிலாவுக்குப் போன அப்பல்லோ கலங்களுக்கே வழிகாட்டப் பயன்பட்டது. விழுந்து கிடக்கிற பைக்குக்கு அது எதுக்கு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கட்டிய ஆயிரத்தை விட்டுவிட்டு வந்தோம். எங்க வீட்டில் அது சின்னப் பணமில்லை.

அப்புறம் ஒரு உனோ போர்டும், எம்.பி.யு.6050 சென்சாரும் வாங்கினோம். மேஜை மேல் வைத்தால் கோணம் அழகாக வந்தது. நண்பனின் அண்ணன் பைக்கில் கட்டி, ஸ்டார்ட் பண்ணியதும் ஆட்டம் ஆரம்பம்! சென்டர் ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிற வண்டி, கம்ப்யூட்டர் திரையில் தொட்டில் மாதிரி ஆடியது, செகண்டுக்கு மூணு தடவை. பதினாறு ரீடிங் கூட்டி சராசரி எடுத்தோம். ஆட்டம் குறைந்தது. ஐடிலிங் ஸ்குரூவைக் கொஞ்சம் இறக்கினால் மறுபடியும் வந்தது. இப்போ இன்னும் மோசம்: மெதுவாக ஒரு பக்கம் சாயும், மெதுவாக மறுபக்கம் சாயும். வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்குது!

நாலு நாள் மண்டை காய்ந்தது. புரோகிராமில் 'டிலே 50' என்று ஒரு வரி. எங்கேயோ காப்பியடித்தது. அதாவது செகண்டுக்கு 20 ரீடிங். இன்ஜின் ஐடிலிங் 1400 ஆர்.பி.எம். அறுபதால் வகுத்தால் செகண்டுக்கு 23 அதிர்வு. இருபது தடவை மட்டும் எட்டிப் பார்க்கிறவனுக்கு இருபத்து மூணு எப்படித் தெரியும்? மிச்ச மூணுதான் தெரியும். சினிமாவில் ஓடுகிற வண்டியின் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுவது போல் தெரியுமே, அதே கதை. 1200 ஆர்.பி.எம்.முக்கு இறக்கினால் சரியாக 20. அதிர்வு அப்படியே சாய்வாக வேஷம் போடும். வேஷம் போட்டு உள்ளே வந்த பிறகு எந்த ஃபில்டரும், கால்மனே ஆனாலும், அந்த ஒரு ரீடிங்கை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. தூள் டீயிலேயே கரைந்தாச்சு!

எனவே செகண்டுக்கு 200 ரீடிங் ஆக்கினோம். சென்சாருக்குள்ளேயே ஒரு ஃபில்டர் இருக்கிறது. 1ஏ ரிஜிஸ்டரில் 3 என்று எழுதினால் 44 ஹெர்ட்ஸுக்கு மேல் குறைத்துத்தான் வெளியே அனுப்பும். அதற்குப் பின் நம்ம ஃபில்டர் ஒரே வரி: பழைய மதிப்போடு, புதுசுக்கும் பழசுக்கும் உள்ள வித்தியாசத்தில் பதினாறில் ஒரு பங்கைக் கூட்டு. 23 ஹெர்ட்ஸ் ஆட்டம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. தாமதம் சுமார் 80 மில்லி செகண்ட். விழுந்த பைக்குக்கு இது போதாதா?

இதிலும் ஒரு அடி வாங்கினோம். முழு எண்ணாக வகுத்தால் பதினாறுக்குக் குறைந்த வித்தியாசம் பூஜ்யமாகி மதிப்பு உறைந்துவிடும். அதற்காகப் பதினாறு மடங்காகச் சேர்த்து வைத்தோம். கோணம் பைத்தியம் பிடித்த மாதிரி தாவியது. புவியீர்ப்பு மட்டுமே இந்த சென்சாரில் 16384. உனோவில் 'இன்ட்' தாங்குவது 32767 வரைதான். 'லாங்' என்று மாற்றியதும் அடங்கியது. எந்தக் கேள்வி பதில் தாளில் இது வரும்?

அரியர் இருக்கிறவர்கள், கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், வேறு வழியில்லாமல்தான் சென்டருக்குப் போகிறார்கள். அது எனக்குப் புரிகிறது. நாலு மணிக்கு லேப் பூட்டினால் அவர்கள் எங்கே செய்து பார்ப்பார்கள்? நம்ம யூனியன் வருஷா வருஷம் கலை விழாவுக்குப் போராடுகிறது. இந்த வருஷம் சனிக்கிழமை காலையில் லேப் திறந்து வைக்கவும், ஆஸிலோஸ்கோப்பை நாம் தொடவும் அனுமதி வாங்கித் தரட்டும். ஆறாயிரத்தை நாலு பேர் பங்கு போட்டாலும் தலைக்கு ஆயிரத்து ஐநூறு. எங்க சாமான் மொத்தமும் அதற்குள் முடிந்தது, இழந்த முன்பணம் நீங்கலாக.

வைவா முடிந்ததும் அந்த சென்சார் போர்டை இரண்டாம் ஆண்டு தம்பி தங்கைகள் யார் கேட்டாலும் கொடுப்போம். ஒரு பின் வளைந்திருக்கிறது, பார்த்துச் செருகவும்.