காசும் அது கிடந்த மண்ணும்

உலோகங்காட்டும் கருவியுடன் புதையல் தோண்டுவோர் கைதாகும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றது. புத்தளக் கரையில் வாழும் எனக்கு அது வெறுஞ் செய்தியன்று. எம் கரையிலுள்ள குதிரைமலையே பண்டை இப்புரோசுத் துறையென அறிஞர் சிலர் கருதுவர். காற்றால் அத்துறையில் ஒதுங்கிய உரோமனிடமிருந்த வெள்ளிக்காசுகள், தலையுரு வேறாயினும் நிறை ஒத்திருத்தல் கண்டு, ஈழவேந்தன் உரோமர் நேர்மையை வியந்தான் என்பர் பிளினி. 1344 இல் இப்னு பதூதா இங்கே கண்ட ஆரியச்சக்கரவர்த்தியின் மரபினரும் 'சேது' எனத் தமிழ் பொறித்துக் காசடித்தனர்.

பழங்காசு, மண்ணடுக்கிலே பானையோட்டுடன் கிடப்பின் காலமும் வாணிகமும் உரைக்கும். பறித்து விற்கப்படின் ஊமையாகும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் உரிமமின்றி அகழ்வதை விலக்குகின்றது. ஆயினும் மணல்மேடுதோறும் காவலர் நிற்றல் இயலாது.

மாணாக்கர்காள்! கோடையில் வற்றிய குளத்திலே காசொன்று கண்ணிற்படின் தோண்டற்க; இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.