சபராளியின் ஞாயிற்றுக்கிழமை

கடல் கடந்து பொருளீட்டுவது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிய வழக்கமன்று. சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலைச் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் முன்னோர் 1826 ஆம் ஆண்டிலேயே நிறுவினர். அந்நாளில் கடலோரமாய் விளங்கிய தெலோக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா எழுந்தது. அவர்கள் வழியில் இன்றும் நம் இளைஞர்கள் அந்நகருக்குச் சபர் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தால் குமர் காரியங்கள் நிறைவேறுகின்றன. கூரை வீடுகள் மச்சு வீடுகளாகின்றன.

ஆயினும் அச்சபராளியின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

அந்நாட்டுச் சட்டம் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வை உரிமையாக்கியுள்ளது. முதலாளி கேட்டுக்கொண்டு அந்நாளில் முழுப்பொழுதும் உழைத்தால் இரு நாள் ஊதியம் உண்டு. இதனையறிந்த வீட்டார், "சும்மாதானே இருக்கிறாய், வேலைக்குப் போனால் என்ன?" எனக் கேட்கின்றனர். பூங்காவில் நின்று அவன் எடுத்தனுப்பிய படத்தைக் கண்டு, 'அங்கே உல்லாசமாயிருக்கிறான்' என்று பேசுவாரும் உளர்.

இஸ்லாம் வெள்ளிக்கிழமையைக்கூட வேலையற்ற நாளாக விதிக்கவில்லை. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு திருக்குர்ஆனின் ஜும்ஆ அத்தியாயம் பணிக்கிறது. உழைப்பை இத்துணை உயர்த்திய மார்க்கமே ஓய்வையும் உடலின் ஹக்காக வகுத்திருக்கிறது.

நபித்தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாய் இருந்தார்கள். அவர்களது இல்லத்திற்கு வந்த ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள், அவர்களை உண்ணவும் உறங்கவும் செய்து, இரவின் இறுதிப் பகுதியில் இருவருமாய்த் தொழுதார்கள். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்திற்கும் தனித்தனியே உரிமை உண்டென எடுத்துரைத்தார்கள். இதனைக் கேள்வியுற்ற பெருமானார் (ஸல்) அவர்கள், ஸல்மான் கூறியது உண்மையே என மொழிந்தார்கள். வணக்கத்திற்காகவும் மறுக்கலாகாத அவ்வுரிமையை இரட்டைக் கூலிக்காக மறுக்கலாமோ?

கடன் வாங்கிச் சென்றவனுக்கு ஓய்வு ஏது என்று சிலர் வினவலாம். கடனை அடைப்பது கடமையே. எனினும், எந்த ஞாயிற்றுக்கிழமை உழைப்பது, எதில் ஓய்வது என முடிவு செய்ய வேண்டியவன் அவனே. ஆறு நாட்கள் சாரத்தின் மீது நின்ற கால்கள் ஏழாம் நாளும் ஓயாவிடில் தடுமாறும். அவன் விழுந்தால் கடனை அடைப்பவர் யார்?

சபராளிச் சகோதரர்களுக்கும் ஒரு சொல். ஓய்வு நாள் ஓர் அமானிதம். சூதிலும் வீண் செலவிலும் அதனைத் தொலைக்காதீர். சுபுஹுத் தொழுதபின் சற்று உறங்குவதில் குற்றமில்லை. 1859 இல் தோன்றி, 2015 இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பூமலைத் தோட்டத்தில் நுழையக் கட்டணமில்லை. அதன் மரநிழலில் நண்பரோடு அமர்ந்திருங்கள். லுஹர் நேரத்தில் முன்னோர் எழுப்பிய பள்ளியை நாடுங்கள். அங்கே ஊர்க்காரர் எவரேனும் எதிர்ப்படுவர்.

வீட்டிலிருப்போரே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தொலைபேசியில் அழைக்கும்போது, பணக்கணக்கைப் பேசுமுன், உண்டானா, உறங்கினானா என வினவுங்கள். அவனுக்கு உடல்நலத்தையும் மனநிறைவையும் வல்ல நாயன் அருள்வானாக!